கடைசி பெஞ்சில் இருப்பவரைக் குறித்து: போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும்,

உங்களுக்குச் சமாதானம் உண்டாவதாக. சபையை விட்டு விலகிப்போகிறவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அவர்களுடைய விசுவாசம் தணிந்துபோயிற்று என்றே நீங்கள் காரணம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி விலகிப்போய்த் திரும்பி வந்தவர்களில் ஒருவன் என்ற முறையில், அந்தக் காரணத்தை நீங்கள் மறுபடியும் எண்ணிப்பார்க்க வேண்டுமென்று மன்றாடவே இம்மடலை எழுதுகிறேன்.

என் தகப்பனார் இறந்த ஆண்டில் நான் ஒரு பெரிய சபைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சுதான் என் இடம். பிரசங்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாடல்கள் மனதை உருக்கின, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்திலும் பங்குபெற்றேன். ஆனால் பதினோரு மாதங்களில் அங்கே ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. காய்ச்சலில் மூன்று வாரம் படுத்திருந்துவிட்டு நான்காம் வாரம் போனபோது, நான் வராதிருந்ததே அங்கு யாருக்கும் தெரியவில்லை என்று கண்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. கடவுளைப் பற்றிய சந்தேகம் எனக்கு அதன் பின்புதான் வந்தது. தேவனுடைய பிள்ளைகளே தேடாத என்னைப் பரமபிதா மட்டும் தேடுவாரா என்ற எண்ணம் மெல்ல மெல்ல என் ஜெபத்தை அடைத்துப்போட்டது.

சில ஆண்டுகள் கழித்து, வேறொரு சிறிய சபையில், பாட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த வயதான அம்மா ஒருவர் தம்முடைய பாட்டுப்புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். நடுங்கும் விரலை வரிக்கு வரி வைத்துக் காட்டிக்கொண்டே கடைசிச் சரணம்வரை பாடினார். பாட்டு முடிந்ததும் என் பெயரைக் கேட்டு, புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து பெயர்கள் இருந்தன. அடுத்த மாதம் நான் ஒரு ஞாயிறு போகாமல் இருந்துவிட்டேன். மறுவாரம், “போன வாரம் உன்னைக் காணோமே தம்பி, உடம்புக்கு ஒன்றுமில்லையே?” என்று கேட்டார். அன்றிரவு, கேட்க ஒருவர் அருகில் இருக்கிறார் என்ற நிச்சயத்தோடு, நெடுநாளைக்குப் பிறகு முழங்காற்படியிட்டேன்.

யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தை அதற்குப் பிறகு நான் வாசிக்கும் விதமே மாறிப்போயிற்று. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்களிடம் முதலில் வந்தபோது, அவர்களில் ஒருவனான தோமா அங்கில்லை. மற்றவர்கள் அவனிடம் சொல்கிறார்கள். அவனோ நம்பமாட்டேன் என்கிறான். எட்டு நாளைக்குப் பின்பு சீஷர்கள் மறுபடியும் வீட்டுக்குள் இருந்தபோது “தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்” என்று வேதம் சொல்கிறது. அந்த எட்டு நாட்களைப் பற்றி நாம் பிரசங்கிப்பது குறைவு. கண்ணாரக் கண்டவர்கள் பத்துப்பேர், நம்பாத ஒருவனைத் தங்கள் நடுவிலிருந்து தள்ளிவிடவில்லை. அவனும் எழுந்து போய்விடவில்லை. ஆண்டவர் அவனைத் தனியாகச் சந்தித்திருக்கலாம். ஆனாலும் அவர்கள் கூடியிருந்த, கதவு பூட்டிய அந்த வீட்டுக்குள்தான் வந்து, தம் காயங்களை அவனுக்குக் காட்டினார்.

தேவபிரசன்னம் மனிதரைச் சார்ந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை, தனிமையிலும் அவர் வருகிறார். ஓரேப் மலையில் எலியா கேட்ட அமர்ந்த மெல்லிய சத்தம் எனக்கும் பெரிய ஆறுதல். எனினும் “நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்” என்று அழுத அந்தத் தீர்க்கதரிசியை ஆண்டவர் மலையிலேயே இருத்திவைக்கவில்லை. எலிசாவை அவனுக்குத் துணையாகக் காட்டினார். பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் இருப்பதையும் சொல்லித் திரும்பிப் போகச் சொன்னார்.

ஆதிச் சபை இதை அறிந்திருந்தது. ஏறக்குறைய கி.பி. 155இல் ரோமாபுரியிலிருந்து ஜஸ்டின் என்ற விசுவாசி, கிறிஸ்தவர்களுக்காகப் பேரரசருக்கு முறையீடு ஒன்று எழுதினார். ஒருவகையில் அதுவும் திறந்த மடல்தான். ஞாயிறு ஆராதனையை அதில் விவரிக்கும்போது, திருவிருந்தின் பங்கை வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்கிறார். வராதவருக்கும் ஒரு பங்கு எடுத்துவைக்க வேண்டுமானால், வராதவர் யார் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

வாசலில் நின்று கைகுலுக்க ஒரு குழு அமைத்தால் போதும் என்று தயவுசெய்து எண்ணாதிருங்கள். அப்படி என் கையைக் குலுக்கியவர்கள் அந்தப் பெரிய சபையிலும் இருந்தார்கள். மூப்பர் கூட்டங்களில் கணக்குக்கும் கட்டடத்துக்கும் முன்பாக, இந்த மாதம் யாரைக் காணவில்லை என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். படுக்கையில் இருப்பவர் வீட்டுக்குத் திருவிருந்தை எடுத்துச் செல்வதை, நேரம் கிடைத்தால் செய்யும் வேலையாக வைக்காதிருங்கள். துக்கத்தினாலோ சந்தேகத்தினாலோ ஜெபிக்க முடியாமல் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தால், பதில் சொல்லி முடித்துவிட அவசரப்படாமல், அவருடைய எட்டு நாட்கள் முடியும்வரை அவரோடு இருங்கள். அது எட்டு ஆண்டுகளாகவும் ஆகலாம்.

அந்த அம்மா இன்று இல்லை. அவருடைய பாட்டுப்புத்தகம் என்னிடம் இருக்கிறது. பின்னட்டையில் இடம் தீர்ந்துவிட்டதால், அதற்கு எதிர்ப்பக்கத்தில் நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

கர்த்தருக்குள்,
உங்கள் சகோதரன் ஒருவன்