கண்டாங்கியில் விழுந்த முடிச்சு

காரைக்குடி

அன்புள்ள அழகம்மை,

கடிதமும் படங்களும் வந்தன. இங்கே எல்லோரும் சுகம். இரண்டு மழை பெய்து வெக்கை தணிந்திருக்கிறது. மருமகளுக்கு வாங்கிய கண்டாங்கிச் சேலையில் ‘டேமேஜ்’ என்று நாலு இடத்தில் வட்டம் போட்டிருக்கிறாய். மூன்றை விட்டுவிடு.

ஓரத்தில் தெரியும் பொடித் துளைகள் ஊசி குத்தியவை. நெய்யும்போது அகலம் சுருங்காமலிருக்க, முனையில் ஊசி வைத்த குச்சியை இரு கரையிலும் குத்தி இழுத்துப் பிடிப்பார்கள். நாலு தடவை அலசினால் மூடிக்கொள்ளும். விசைத்தறிச் சேலையும் கண்டாங்கி என்ற பேரில் விற்கிற காலத்தில், இந்தத் துளையைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

பின்பக்கம் எள்ளு மாதிரி இருப்பது, நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்து பிணைத்த முடிச்சு. கஞ்சி போட்ட பருத்தி இழைக்கு வறண்ட காற்று ஆகாது, வெடுக்கென்று அறும். தரையில் குழி வெட்டிப் போட்ட குழித்தறியில் மண்ணின் ஈரம் கொஞ்சம் காப்பாற்றும். ஆனாலும் கத்திரி வெயிலில் முடிச்சு கூடத்தான் செய்யும். உறுத்துகிறதே என்று ஒட்ட நறுக்கிவிடாதே. கால் அங்குலம் வால் இருக்கட்டும், இல்லாவிட்டால் துவைக்கும்போது முடிச்சு நழுவிவிடும்.

அடுத்தது, கட்டம் ஒரே அளவாக இல்லாதது. நீளவாக்குக் கோட்டைத் தறியின் அச்சு, அதாவது பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு, பிடித்துக்கொள்ளும், அது அவ்வளவாக அசையாது. குறுக்குக் கோடு, இழையை நெருக்கிச் சேர்க்கும் கையின் அடியைப் பொறுத்தது. காலையில் உட்கார்ந்ததும் விழும் அடியும் ஓய்ந்துபோன சாயங்கால அடியும் ஒன்றாக இருக்காது. அங்குலக் கட்டம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் அது கையின் கணக்கு. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற அளவுக்கு எல்லாக் கட்டமும் நீண்டிருந்தால் மட்டும் சந்தேகப்படு, குறுக்கே ஓடும் ஊடை இழையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். உன் சேலை கெட்டியாகத்தான் தெரிகிறது.

நாலாவதுதான் கோளாறு. அரக்குக் கரையை ஒட்டி ஒன்றரை முழத்துக்கு ஒரு கீற்று ஓடுகிறதே, அங்கே பாவு இழையே இல்லை. அறுந்ததைப் பார்க்காமல் நெய்துகொண்டே போயிருக்கிறார்கள். விரற்கடை அளவென்றால் நாமே சரிசெய்யலாம்: முந்தியின் குஞ்சத்திலிருந்து அதே நிற இழையை உருவி, மொட்டை ஊசியில் கோத்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று விட்டு, இரு முனையிலும் அரை அங்குலம் நல்ல துணிக்குள் ஓட்ட வேண்டும். ஒன்றரை முழத்துக்கு அது நடக்காது. கொசுவம் இழுக்கிற இடத்தில் வந்தால் அங்கேயே பிரிந்து வாய் திறக்கும். ‘கைத்தறின்னா அப்படித்தான் இருக்கும், அதுதான் அழகு’ என்று கடையில் சொன்னார்களாமே! 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலைக்கு அந்தச் சமாதானம் வேண்டாம்.

சாயத்தையும் பார்த்துவிடு. வெள்ளைத் துணியை நனைத்து அரக்குக் கரையில் பத்துத் தடவை தேய். லேசாகப் படிந்தால் பரவாயில்லை, அப்பிக்கொண்டால் வேண்டாம். கல்லுப்பில் ஊறவைத்தால் நிற்கும் என்பார்கள். ஒழுங்காகப் போடாத சாயத்தை உப்பு நிறுத்தாது.

கடையில் கேட்டு மாற்றி வாங்கும்வரை சேலையைத் தண்ணீரில் போடாதே. துவைத்ததை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்புடன்,
வள்ளி