ஜன்னல் திண்டுக்கு டைல்ஸ் ஒட்டும் முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஜன்னல் திண்டுக்கு, அதாவது ஜன்னலின் அடிவிளிம்பு மேடைக்கு, டைல்ஸ் ஒட்டப் போவதாக நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டைல்ஸ் நிறம் அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. எனக்குக் கவலையெல்லாம் அது எதன்மேல் உட்காரப் போகிறது என்பதுதான். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். கொத்தனார் வரும்போது கையில் வைத்துக்கொள்.

சமையலறை ஜன்னலில் சிமென்ட் பூச்சின்மேல் பட்டி பார்த்து, அதற்குமேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பெயின்ட் மேலேயே பசை தடவி ஒட்டிவிடலாம், கொத்தினால் வீடெல்லாம் தூசி என்று உன் கொத்தனார் சொல்கிறாராம். ஒத்துக்கொள்ளாதே. பசை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அது பெயின்டைத்தான் பிடிக்கும். பெயின்ட் பட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான். சுவரை வழவழப்பாக்க வந்தது, டைல்ஸ் பாரத்தைத் தாங்க வந்ததல்ல. ஒரு வீட்டில் இப்படி ஒட்டிய திண்டைப் பிரிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கொத்துக் கரண்டி முனையை லேசாக நுழைத்ததும் டைல்ஸ் அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் பசை டைல்ஸில் கெட்டியாக இருக்கிறது, அதன் முதுகில் வெள்ளை வெளேரென்று பட்டி. பசையைக் குறை சொல்ல எதுவுமே இல்லை.

அதனால் பட்டியையும் பெயின்டையும் பூச்சு தெரியும்வரை கொத்தி எடுக்கச் சொல். எடுத்தபின் நீயே மூன்று விஷயம் பார். திருகாணியால் கீறு, மணல் பொலபொலவென்று உதிரக் கூடாது. சுத்தியல் பிடியால் தட்டு, பொக்கு சத்தம் வந்தால் அந்த இடத்தைப் பெயர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தெளி, உள்ளே இழுத்துக்கொண்டால் சரி. முத்து முத்தாக நின்றால் இன்னும் பெயின்ட் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.

வெளிப்பக்கத் திண்டின் மூலை உடைந்திருக்கிறதே, அதைப் பூச்சால் மூடி மறைக்க விடாதே. உளுத்ததையெல்லாம் எடுத்துவிட்டு, சின்ன ஜல்லி போட்டு 1:1.5:3 கலவையில் (சிமென்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று) கான்கிரீட்டே போட வேண்டும். பழைய பரப்பில் சிமென்ட் பால் ஊற்றி, அது காய்வதற்குள் போட்டால்தான் இரண்டும் ஒன்றாகும். ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வை. 28 நாள் கழிந்தபின் டைல்ஸ் ஒட்டினால் நல்லது. அவசரம் என்று சொல்வார்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அங்கே கிரில் கால் திண்டுக்குள் போகிறது, கவனித்தாயா? போட்டோவில் பழுப்புக் கறை தெரிகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், உள்ளிருந்தே தள்ளித் தள்ளி டைல்ஸை வெடிக்க வைத்துவிடும். துருவைச் சுரண்டி எடுத்து ரெட் ஆக்சைடு அடித்த பிறகுதான் கான்கிரீட்.

சரிவு விஷயத்தில் ரொம்பக் கறாராக இரு. வெளித் திண்டு எட்டு அங்குல அகலம் என்றால் வெளிப்பக்கம் ஒரு சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். அந்தச் சரிவைக் கான்கிரீட்டிலேயே கொண்டுவர வேண்டும். சிலர் அடியை மட்டமாக விட்டுவிட்டு, பசையை ஒரு பக்கம் தடியாகப் போட்டுச் சரிவு காட்டுவார்கள். பசை சில மில்லிமீட்டருக்கானது. தடியாகப் போட்டால் காயும்போது சுருங்கி, அடியில் வெற்றிடம் விழும். கான்கிரீட் சுவரைத் தாண்டி இரண்டு அங்குலம் வெளியே நீளட்டும். அதன் அடியில் நீளவாக்கில் ஒரு காடி, அதாவது பள்ளக்கோடு, போட்டுவிட்டால் தண்ணீர் சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டிவிடும்.

படுக்கையறை ஜன்னலில் முன்பு இருந்தவர்கள் பிளைவுட் பலகை போட்டிருக்கிறார்கள். பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், டைல்ஸோ அசையவே அசையாது. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் என்றாலும் அதே கதைதான். ஜிப்சம் போர்டை நினைத்துக்கூடப் பார்க்காதே, ஈரம் பட்டால் மாவாகிவிடும். பலகையைக் கழற்றிவிட்டு அடியில் செங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1:4 சிமென்ட், மணல் கலவையில் பூசிக்கொள்ளலாம், அதுதான் என் விருப்பம். வெறும் பள்ளமாக இருந்து நிரப்ப முடியாவிட்டால், சிமென்ட் போர்டு தடிமனானதாக வாங்கி, அடியில் நெருக்கமாகத் தாங்கல் கொடுத்து, துருப்பிடிக்காத திருகாணியால் முடுக்கச் சொல். கையால் அழுத்தினால் துளியும் துள்ளக் கூடாது.

நீ வாங்கியது விட்ரிஃபைடு டைல்ஸ். அது தண்ணீரையே குடிக்காது, அதனால் வெறும் சிமென்ட் பாலில் நிற்காது. பாக்கெட் பசைதான் வேண்டும், பாக்கெட்டில் ஐ.எஸ். 15477 என்று டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண் போட்டிருக்கிறதா பார்த்து வாங்கு. வெயில் படும் வெளிப்பக்கத்துக்கு எந்த வகை என்று கடையில் கேள்.

ஸ்லைடிங் ஜன்னலின் அடிச்சட்டத்தில் வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். சட்டத்தில் தேங்கும் மழைத் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே போகிறது. திண்டை உயர்த்திவிட்டால் அவை அடைபட்டு, தண்ணீர் வீட்டுக்குள் திரும்பும். அடித்தளம், பசை, டைல்ஸ் மூன்றும் சேர்ந்தாலும் ஓட்டைக்குக் கீழேதான் முடிய வேண்டும். கொத்துவதற்கு முன்பே அளந்து சுவரில் பென்சில் கோடு போட்டு வை. சட்டத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு சிலிக்கான் அடிக்கட்டும், சிமென்ட் வேண்டாம்.

கொத்தி முடித்ததும் இரண்டு ஜன்னலையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பும்மா. நான் பார்த்துச் சொன்ன பிறகு கலவை போடச் சொல். கொத்தனாருக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் போனை அவர் கையில் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா