ஏசி கேஸ் நிரப்பும் முன் ஃபேனைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே வேலூரின் கார் ஏசி கடைகளில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. குளிரவில்லை என்று வருகிற பலருக்கும் அங்கே நடப்பது ஒரே வைத்தியம்தான், அதாவது கேஸ் நிரப்புவது. அதே வண்டி பிறகொரு நாள் காட்பாடி ரயில்வே மேம்பாலத்து நெரிசலில் ஆவி பறக்க நின்றுவிட்டால், அது வேறொரு மெக்கானிக்கின் வேலையாகி, ரேடியேட்டரைக் கழற்றுவதில் போய் முடிகிறது. இரண்டும் ஒரே கோளாறாக இருக்கக்கூடும் என்பதை ஏசிக்காரரும் சொல்வதில்லை, என்ஜின்காரரும் சொல்வதில்லை. மோட்டார் வாகனப் பிரிவில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதைத் தங்கள் வாசகர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

காரின் முன்பக்கத்தில் முதலில் இருப்பது ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், அதை ஒட்டிப் பின்னால் இருப்பது என்ஜினின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர், இரண்டுக்கும் சேர்த்துக் காற்றை இழுப்பது அதற்கும் பின்னால் உள்ள மின்விசிறி. பெரும்பாலான கார்களில் அமைப்பு இதுதான். வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும் என்பதால் ஃபேன் பழுதானாலும் தெரியாது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நெடுஞ்சாலையில் போகும்வரை ஜில்லென்று இருந்த ஏசி, திரும்பி வந்து கிரீன் சர்க்கிளில் நின்றதும் வெறும் காற்றை ஊதுகிறது என்றால், சந்தேகம் முதலில் ஃபேன் மீதுதான் விழவேண்டும். கேஸ் மீது அல்ல. மேலும், என்ஜின் சூடு ஓர் அளவைத் தாண்டினால், சுமையைக் குறைப்பதற்காகப் பல கார்களின் கணினியே, ஏசி கேஸை அழுத்திச் சுழலவிடும் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது. இப்போதைய சிறிய கார்கள் சிலவற்றில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, மிஞ்சினால் எரிகிற சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. அத்தகைய வண்டியில், சிக்னலில் ஏசி சூடாவதுதான் ஓட்டுநருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை.

சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரில் வைத்து, பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விடாமல் பாருங்கள். ஓரிரு நிமிடங்களுக்குள் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கவேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), ஒயர் சாக்கெட், மோட்டார் என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. மலிவானதிலிருந்து தொடங்குவதே முறை. இரண்டு வேகத்தில் ஓடும் ஃபேன்களில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் (மின்தடை) மட்டும் எரிந்துபோவதுண்டு. அப்போது என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகே ஃபேன் முழு வேகத்தில் கிளம்பும் என்பதால், "ஃபேன் ஓடுகிறதே" என்று மெக்கானிக்கும் ஏமாந்துவிடுகிறார். ஃபேன் சரியாக இருந்தால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். முன்னால் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும் வண்டியிலும் அந்த இடுக்கில் புழுதியும் பூச்சியும் கம்பளிபோல் அப்பியிருக்கும்.

என் உறவினர் ஒருவரின் காரில் பழுதானது ரிலே மட்டுமே. ஆனால் கடையில் பிரஷர் பார்க்காமலே கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். அளவுக்கு மீறிய கேஸ் கண்டென்சரில் அழுத்தத்தையும் சூட்டையும் கூட்டும், அந்தச் சூட்டுக் காற்றுதான் பின்னாலிருக்கும் ரேடியேட்டருக்குப் போகும். செலவு செய்த பிறகு வண்டி முன்னைவிட மோசமானது இப்படித்தான். ஏசி கேஸ் பெட்ரோல்போலத் தீர்ந்துபோகிற பொருள் அன்று. கணிசமாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள், கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண்.

நகரத்தில் சரியாக இருந்து, நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் சூடேறினால் கதை வேறு. அங்கே குறை பெரும்பாலும் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் ஓட்டத்தில் இருக்கும்: சூட்டுக்கேற்பத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் சரியாகத் திறக்காதது, வாட்டர் பம்ப், அல்லது உள்ளே அடைபட்ட ரேடியேட்டர். இந்த அடைப்பில் நம் ஊர்த் தண்ணீருக்கும் பங்குண்டு. உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரைக் கூலன்டுக்குப் பதிலாக ஊற்றி ஊற்றி, ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளைப் படிவு ஏறிய வண்டிகளை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்தால், துருவும் படிவும் தடுக்கப்படுவதோடு கொதிநிலையும் உயரும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் அதை மேலும் உயர்த்தி 120 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறது. ஆகவே, ரப்பர் தளர்ந்துபோன மூடியும் ஒரு கோளாறுதான். வெளியே சொட்டே இல்லாமல் கூலன்ட் குறைந்து, வெண்புகையும் வந்தால், அது ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள கசிவுத் தடுப்புத் தகடு) பழுதானதாக இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவே கூடாது.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முழுச் சுமையோடு ஏறும்போது என்ஜின் உழைப்பு அதிகம், எதிர்க்காற்று குறைவு. சூடு ஏறுவது தெரிந்தால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாக வைத்து, ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள். என்ஜின் ஆறும்வரை மூடியைத் திறக்கவேண்டாம், பச்சைத் தண்ணீரை மேலே கொட்டவும் வேண்டாம்.

ஏசி கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ரசீதில் "கேஸ் நிரப்பியது" என்று மட்டும் எழுதாமல், நிரப்புவதற்கு முன்னும் பின்னும் இருந்த பிரஷரையும், ஃபேன் ஓடியதா என்பதையும் ஒரு வரி குறித்துக் கொடுக்கலாம். வாடிக்கையாளர்களும் பணம் கொடுக்கும் முன் அதைக் கேட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.