பாப்பாவுக்கு, மதுரையிலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பா,

போனில் ஆரம்பித்தால் "மீட்டிங்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் உன் கண் ஆபரேஷன் விஷயமாக எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மாடிக்குக் குடித்தனம் வந்துவிட்டது. மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாய்தானே?

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது, கீழே விழுந்த சார்ஜரை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தாய். பேச்சு பாதியில் நின்றது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாய். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி அத்தை வீட்டு வளைகாப்பைப் பற்றிக் கேட்டாய். அம்மா கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"கண் டெஸ்டில் 6/6, எல்லாம் தெளிவா தெரியுதுப்பா" என்கிறாய். எனக்குப் பயமே அதில்தான். மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறுவதால் வரும் இந்தக் கண் நரம்பு வீக்கத்தில் நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்குமாம், ஓரத்திலிருந்துதான் போகுமாம். ஓரப் பார்வையை அளக்கும் உன் ஃபீல்டு டெஸ்ட் தாள்களை இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன். மே மாதம் மூக்கோரம் கீழே மட்டும் இருந்த கறுப்பு ஆகஸ்டில் பரவியிருக்கிறது. சொந்தக் காசில் ஸ்கூட்டர் வாங்கினாய் என்று தெருவெல்லாம் சொன்னவன் நான். இப்போது அதைத் தொடாதே என்கிறேன். பக்கத்தில் வரும் லாரி தெரியாமல் போனால்?

ஆபரேஷன் என்றதும் மிரளாதே. மூளையைத் தொடுவதில்லை. கண்ணுக்குப் பின்னால் நரம்பைச் சுற்றியுள்ள உறையில் சின்ன ஜன்னல் மாதிரி வெட்டிவிடுவார்கள். உள்ளே தேங்கி நரம்பை நெருக்கும் தண்ணீர் வடிந்துவிடும். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களும் அந்த நெருக்கத்தில்தான் திணறுகின்றனவாம். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்த ஓட்டம் தேறுவதை டாப்ளர் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். சில நாள் இரட்டையாகத் தெரியலாம், அபூர்வமாகப் பார்வை குறையவும் கூடும். அதையும் டாக்டர் மறைக்கவில்லை. ஆனால் செத்த நரம்பு திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும் என்றார். தள்ளிப்போட இதில் இடமில்லை, பாப்பா.

முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தபோது அழுத்தம் 38. 25-ஐத் தாண்டினாலே அதிகம் என்றார்கள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாயே தவிர ஒரு சத்தம் போடவில்லை. அவ்வளவு தைரியசாலி, அழுத்தத்தைக் குறைக்கும் டயமாக்ஸ் மாத்திரை போட்டால் விரல் மரக்கிறது, சோடா சப்பென்று இருக்கிறது என்று நிறுத்தலாமா? முகப்பருவுக்கும் கடையில் எதையாவது வாங்கிப் போடாதே. சில பரு மாத்திரைகளே இந்த அழுத்தத்தை ஏற்றுமாம்.

எடை விஷயத்தில் பெரியம்மா சபையில் பேசியது தப்பு. அதை இதோடு சேர்க்காதே. 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே அழுத்தம் இறங்க வாய்ப்பிருக்கிறதாம், அதற்காகத்தான் நடக்கச் சொல்கிறேன்.

தை முகூர்த்தத்தை நினைத்துத்தான் நீ வாயைத் திறக்காமல் இருக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. மாப்பிள்ளை வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன். மண்டபத்துக்குக் கட்டிய அட்வான்ஸ் போனால் போகட்டும்.

ஆபரேஷன் தேதியை மட்டும் அனுப்பு. அன்றைக்கு முந்தின ராத்திரியே பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறேன். ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டுப் படு.

அப்பா