கிரெடிட் கார்டு கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்டு தேய்த்தால் 2 சதவீதம் சேர்த்துக் கேட்கும் கடைகளைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானதுதான். பில்லில் போட்ட விலைக்கு மேல் கேட்பது தவறு. டெபிட் கார்டுக்கு அப்படி வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த 2 சதவீதம் கடைக்காரருக்கு லாபமாகப் போகிறது என்று அவர் நினைப்பது சரியல்ல. கும்பகோணத்தில் வீட்டு உபயோகப் பொருள் கடை நடத்துகிறவன் நான். அந்தப் பணம் எங்கே போகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஃபிரிட்ஜின் விலை 20,000 ரூபாய் என்று வையுங்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் பில் 23,600. வாடிக்கையாளர் கிரெடிட் கார்டை நீட்டுகிறார். கார்டு பணத்தை என் கணக்கில் போடும்போது வங்கி பிடிக்கும் 2 சதவீதக் கட்டணம் மொத்தப் பில்லுக்கும் பிடிக்கப்படும், 472 ரூபாய். அரசுக்கு நான் வசூலித்துக் கட்டும் வரிப்பணத்துக்கும் சேர்த்து நானே கட்டணம் தருகிறேன். அது மட்டும் 72 ரூபாய். அப்புறம் அந்த 472 ரூபாய்க் கட்டணத்துக்கும் ஜி.எஸ்.டி., கிட்டத்தட்ட 85 ரூபாய். இதை நான் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகளுக்கு அதுவும் இல்லை. ஆன்லைன் விலைக்கு ஈடு கொடுத்து விற்கும் ஃபிரிட்ஜில் லாபமாக 1,200 ரூபாய் நின்றால், அதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

போகிற பணத்தில் பெரும்பங்கு வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. இரண்டு வங்கிகளையும் இணைக்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குக்கு ஒரு பங்கு. எங்களுக்குக் கார்டு தேய்க்கும் மெஷின் கொடுத்த வங்கிக்கு இன்னொரு பங்கு. மெஷின் வாடகை தனி. வாடிக்கையாளருக்கு வரும் ரிவார்டு பாயின்ட்டும் கேஷ்பேக்கும் பெரும்பாலும் இந்தப் பணத்திலிருந்துதான் வருகின்றன. நஷ்டத்தைச் சரிக்கட்ட நாங்கள் பொருளின் விலையில் ஏற்றினால், கார்டே இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்து மிக்ஸி வாங்கிப் போகும் அம்மாவும் அடுத்தவரின் பாயின்ட்டுக்குச் சேர்த்துத்தான் கொடுக்கிறார். எனக்கு இதுதான் மனசு ஆறாத விஷயம்.

டெபிட் கார்டில் இந்தச் சிக்கலை அரசும் ரிசர்வ் வங்கியும் ஏற்கெனவே கவனித்துவிட்டன. 2018 ஜனவரியிலிருந்து ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் கடைகளுக்கு மெஷினில் அதிகபட்சம் 0.40 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகாது. மற்ற கடைகளுக்கு 0.90 சதவீதம், 1,000 ரூபாய்க்கு மேல் போகாது. 2020 ஜனவரியிலிருந்து ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் கட்டணமே கிடையாது. கிரெடிட் கார்டுக்கு மட்டும் இப்படி எந்த வரம்பும் வைக்கப்படவில்லை. பெரிய ஷோரூம்கள் பேரம் பேசிக் குறைத்துக்கொள்கின்றன. எங்களைப் போன்றவர்களிடம் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிப் போகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-லேயே, தனிநபர் கிரெடிட் கார்டுகளில் கார்டு கொடுத்த வங்கி எடுக்கும் பங்கை 0.3 சதவீதத்துக்குள் நிறுத்திவிட்டது. நம் ஊரில் சிறு கடைகளுக்காவது அப்படி ஒரு வரம்பு கொண்டுவர ரிசர்வ் வங்கி யோசிக்க வேண்டும்.

கார்டுக்குக் கார்டு கட்டணம் மாறுவது இன்னொரு தொல்லை. கம்பெனி கார்டு, வெளிநாட்டு கார்டு என்றால் பொதுவாக அதிகம். தேய்க்கும்போது மெஷினில் அது தெரியாது. பணம் கணக்கில் ஏறும்போதுதான் குறைந்திருப்பது தெரிகிறது. கியூ.ஆர். என்றாலே இலவசம் என்று பல கடைக்காரர்கள் நம்புகிறார்கள். அதே கியூ.ஆரில் ரூபே கிரெடிட் கார்டை இணைத்து 2,000 ரூபாய்க்கு மேல் அனுப்பினால் கட்டணம் உண்டு. எந்தக் கார்டு, எவ்வளவு சதவீதம், எவ்வளவு பிடித்தம் என்று வரிவரியாகத் தமிழில் ஒரு மாதாந்திரக் கணக்கு கொடுக்க வங்கிகளுக்கு என்ன கஷ்டம்?

அதுவரை சக வியாபாரிகளுக்கு ஒன்று சொல்வேன். மெஷின் வாங்கும் முன் டெபிட், கிரெடிட், கம்பெனி கார்டு, வெளிநாட்டு கார்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக என்ன சதவீதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே மெஷின் இருந்தால் போன மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்க் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். வணிகர் சங்கங்கள் உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு மொத்தமாகப் பேசினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வீட்டு உபயோகப் பொருள் வியாபாரி,
கும்பகோணம்.