ஜமாபந்தியில் துப்பாக்கியையும் எண்ணுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டாவில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளும், துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில் தெரிந்தவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. உரியவர் இறந்தபின் கணக்கில் வராமல் கிடக்கும் துப்பாக்கிகளை, ஆண்டுதோறும் கிராம வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியோடு சேர்த்து எண்ணச் சொல்லிக் கேட்கிறோம்.

அமெரிக்காவில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால், கும்பகோணம் டீக்கடையில் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் முடியும்: "அங்கே கத்தரிக்காய் வாங்குவதுபோல் வாங்கலாம், நம்ம ஊரில் அந்தக் கவலை இல்லை." முதல் பாதி ஏறக்குறைய சரி. 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலம் யுவால்டியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது நிறைந்த சில நாள்களில் இரண்டு ரைபிள்களைச் சட்டப்படியே வாங்கியிருந்தான். அந்த நாட்டில் மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு வைப்பதையே 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2018-இல் தந்த மதிப்பீட்டின்படி, இந்தியப் பொதுமக்கள் கையில் உள்ளவை சுமார் 7.1 கோடி துப்பாக்கிகள். பதிவில் இருப்பவை 97 லட்சம். லைசென்ஸ் வாங்குவதற்கு நம் சட்டம் போடும் கெடுபிடி கொஞ்சநஞ்சமல்ல. 21 வயது, காவல்துறை அறிக்கை, பயிற்சிச் சான்று, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான். ஆனால் வாசலில் பூட்டு தொங்குகிறது, கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதை இரண்டு நாடுகள் காட்டுகின்றன. 1996 ஏப்ரல் 28-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டதும், ஆஸ்திரேலியா 12 நாளில் எல்லா மாநிலங்களையும் ஒரே உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அரைத் தானியங்கி போன்ற தடைசெய்த வகைகளை மக்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கியது. ஆறரை லட்சத்துக்கு மேல் வந்து சேர்ந்தன. அதற்கான பணத்துக்கு ஓராண்டு மட்டும் கூடுதல் வரி. எல்லோரும் சொல்வது இந்த வாங்கிய கதையைத்தான். உண்மையில் வேலை செய்தது கூடவே வந்த விதிகள்: ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதி, 28 நாள் காத்திருப்பு, பதிவேடு, பூட்டிய பெட்டி. 'தற்காப்புக்கு' என்பதைக் காரணமாகவே ஏற்கவில்லை. அதற்குப் பிறகு அங்கே சூடே நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2018-இல் ஆஸ்மிங்டனில் ஒரே குடும்பத்தில் 7 பேர் இறந்தார்கள்.

நியூசிலாந்தில் 2019 மார்ச் 15-இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் பலி. ஒரு மாதத்துக்குள் சட்டம் நிறைவேறியது. தடைசெய்த துப்பாக்கியை ஒப்படைத்தவர்களுக்கு, அது நல்ல நிலையில் இருந்தால் அடிப்படை விலையில் 95 சதவீதம் வரை கொடுத்தார்கள். சுமார் 56,000 வந்தன. மொத்தம் எத்தனை வந்திருக்க வேண்டும்? பதிவேடே இல்லாததால் பதிலும் இல்லை. 2023-இல்தான் பதிவேடு தொடங்கியது.

துப்பாக்கி நம் படுகைக்கும் புதிதல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிந்தபோது, தாக்க வந்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது.

எங்கள் கவலை, பழைய வீடுகளில் கிடக்கும் 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிகளைப் பற்றியது. தாத்தா பெயரில் லைசென்ஸ், தாத்தா காலமாகிவிட்டார், துப்பாக்கி மட்டும் பரணில். 2016 ஆயுத விதிகளின் 25-ஆம் விதிப்படி வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். வேண்டாமென்றால், ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். பலர் செய்வதில்லை. சோம்பல் பாதி, "இத்தனை வருஷம் ஏன் கொண்டுவரவில்லை?" என்று வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் பாதி.

அந்தப் பயத்தைப் போக்கும் சாவி உங்களிடமே இருக்கிறது. ஆயுதச் சட்டம் 39-ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்த குற்றத்துக்கு மாவட்ட நடுவரின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. அந்த நடுவர் நீங்கள்தான். குறிப்பிட்ட கெடுவுக்குள் தானாகக் கொண்டுவருபவர் மீது வழக்குத் தொடர அனுமதி தரமாட்டேன் என்று அறிவியுங்கள்.

ஆளைக் கண்டுபிடிக்கப் புது இலாகா எதுவும் தேவையில்லை. மேட்டூர் திறப்பை ஒட்டி ஜமாபந்தி வரும்போது, லைசென்ஸ் பட்டியலைக் கிராமவாரியாகப் பிரித்து வி.ஏ.ஓ.விடம் கொடுங்கள். யார் இருக்கிறார், யார் இறந்தார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று விண்ணப்பத்தோடு ஒரே ஒரு கேள்வி சேருங்கள்: இறந்தவர் பெயரில் துப்பாக்கி இருந்ததா? தேர்தல் நேரத்தில் ஒப்படைத்த துப்பாக்கிகளின் பட்டியல் காவல் நிலையங்களில் இருக்கிறது. அதையும் லைசென்ஸ் பட்டியலையும் துப்பாக்கி எண் வாரியாக ஒட்டிப் பாருங்கள்; வராத எண்கள் தானே தெரியும்.

வைத்திருப்பவர்களுக்கும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். குழலையும் கட்டையையும் கழற்றித் தனித்தனியாகப் பூட்ட வேண்டும். தோட்டா வேறு பெட்டியில், வேறு சாவியில். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டைத் தோட்டா உப்பிவிடும்; குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள் பாதி போய்ச் சிக்கினால் அடித்து ஏற்றக் கூடாது. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் எண்ணெய் போடாத குழல் ஒரு மழைக்காலத்திலேயே துருவேறும். பரணில் கிடந்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தால், சுடும்போது குழல் கையிலேயே வெடிக்கலாம்.

குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். உள்ளே பழைய மருந்தும் ரவையும் இறுகிப்போய், வெளியே பார்த்தால் காலிபோலத் தெரியும். சுட்டுக் காலி செய்துவிட்டுக் கொண்டுவா என்று எந்த நிலையத்திலும் சொல்லிவிடக் கூடாது. பேருந்தில் எடுத்து வரவும் விடாதீர்கள். தகவல் கொடுத்தால் போதும். காவல்துறை ஆயுதப்படையில் இந்த வேலை தெரிந்த ஆளை ஊருக்கே அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.