வட்டவடைன்னா ஸ்ட்ராபெரி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க சுற்றுலாப் பக்கத்துல வந்த மூணாறு - வட்டவடை வீக்கெண்ட் கட்டுரை படிச்சேன். போட்டோ எல்லாம் சூப்பர். ஸ்ட்ராபெரி தோட்டம், பூண்டு, டாப் ஸ்டேஷன், ஹோம்ஸ்டே ஒண்ணும் விடல, ஆனா பாம்பாடும் சோலைய மட்டும் போற வழியில ஒரு குட்டிக் காடுன்னு ஒரே வரில தாண்டிட்டீங்க. மறையூர்க்காரன் எனக்கு அதான் சங்கடமா போச்சு. கேரளாவுலயே சின்ன நேஷனல் பார்க் அதுதான், ஒத்துக்கறேன். 2003ல ஆனமுடி சோலை, மதிகெட்டான் சோலையோட சேத்து அறிவிச்சாங்க.

மழை விட்ட ஒரு சனி ஞாயிறுல நானும் மச்சானும் அவன் பசங்களும் ஃபாரஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி, காட்டுக் காவலுக்கு இருக்குற வாட்சர் அண்ணனோட அந்தப் பக்கம் நடந்துட்டு வந்தோம். வ்யூ பாயிண்ட்ல நின்னு பாத்தா வெறும் புல்மேடுதான் தெரியும், கீழ ரெண்டு மேடு சேர்ற மடிப்புக்கு இறங்கினாதான் சதுப்பு. நனைஞ்ச மெத்தை மேல நடக்குற மாதிரி கால் அமுங்குது, எடுத்த இடத்துல தண்ணி ஊறி நிக்குது. அண்ணன் சொல்ற கல்லுலதான் கால் வைக்கணும், மாறி வச்சா முழங்கால் வரைக்கும் கருப்புச் சேறு. ஓரத்துல பூச்சி புடிச்சுத் தின்னுற அழுகண்ணிச் செடி இருந்துச்சு, செவப்பு முடி நுனில பசை மாதிரி சொட்டு, அதுல ஒரு கொசு ஒட்டிக் கெடந்தத பாத்துட்டு பசங்க அந்த எடத்த விட்டு நகரவே மாட்டேன்னுட்டாங்க. அட்டையும் உண்டு, உப்பு கொண்டு போங்க.

அந்தக் கருப்பு மண்ணு சும்மா மண்ணு இல்லங்க. குளுருலயும் தண்ணிக்கடியில காத்துப் போகாததாலயும் செத்த புல்லு முழுசா மக்காம வருஷக்கணக்கா படிஞ்சு படிஞ்சு வந்தது. நீலகிரில இதே மாதிரி மண்ண எடுத்துப் பாத்துதான் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து சுகுமார் குழு, 20,000 வருஷத்துல அங்க எப்ப புல்லு கூடுச்சு எப்ப காடு கூடுச்சுன்னு 1993ல எழுதுனாங்க.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. கேரளாவுல கெழக்க ஓடுற ஆறு மூணுதான், கபினி, பவானி, எங்க பாம்பாறு. வட்டவடை, காந்தளூர், மறையூர் தண்ணியெல்லாம் பாம்பாறுல சேந்து சின்னாறு தாண்டி அமராவதி டேமுக்குப் போகுது, உடுமலை தாராபுரம் வயலுக்குப் பாஞ்சு கரூர் பக்கம் காவிரில கலக்குது. மழை நின்னு மாசக்கணக்கானாலும் ஓடைல தண்ணி சொட்டிக்கிட்டே இருக்குதுன்னா சோலையும் சதுப்பும் புடிச்சு வச்சிருந்து விடுறதாலதான். உங்க வாசகர்ல பாதிப் பேரு உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம்னு நெனைக்கிறேன், அவங்க இத தெரிஞ்சுக்க வேணாமா?

ஏற்கனவே கிராண்டிஸ்ங்கிற யூகலிப்டஸ் மரமும் வாட்டில்ங்கிற சீகை மரமும் வச்சு ஊத்து வத்திப் போச்சுன்னு வட்டவடை விவசாயிங்க எவ்வளவோ நாளா பொலம்புறாங்க. இப்ப புதுசா ஜீப். பேரு வேணாம், ஒரு ஹோம்ஸ்டேக்காரர் பார்க்குக்கு வெளிய இருக்குற ஈரப் புல்மேட்டுல ஆஃப் ரோடுன்னு வண்டி விட்டு சேறு தெறிக்குற வீடியோ போடுறாரு, ஆளுங்களும் காசு குடுத்துப் போறாங்க. டயர் ஒரு தடவை கீறிட்டா அதுவே வாய்க்கால் ஆயிடும், தேங்குற தண்ணி அது வழியா இறங்கிப் போயிடும், மண்ணு காஞ்சு சுருங்கும், அப்புறம் மாசி பங்குனில தீ வந்தா அடிமண்ணே பொகைஞ்சு எரியும், அணைக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. உங்க கட்டுரைலயும் 'த்ரில்லான ஜீப் சவாரி'ன்னு ஒரு வரி இருந்துச்சு, அத எடுத்திருக்கலாம்.

அடுத்த வாட்டி வட்டவடை பத்திப் போட்டா பாம்பாடும் சோலைக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்க. ஃபாரஸ்ட்ல எப்படி புக் பண்றது, எதுக்கு வாட்சர் இல்லாம உள்ள போகக் கூடாதுன்னும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு மறையூர் வாசகன்